முதலில் கற்போம், பிறகு அமர்த்துவோம்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதியும் உணவகமும் சிற்பக்கூடமும் நடத்தும் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். கூகுளில் தேடினால் நம் கடை மேலே வர வேண்டும், அதற்கான எஸ்.இ.ஓ. வேலையை நாமே கற்றுக்கொள்வதா, தெரிந்தவரிடம் மாதக் கட்டணம் பேசி ஒப்படைத்துவிடுவதா? பிழைப்பைத் தொடும் கேள்வி இது.

அடிப்படையை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆள் தேவைப்பட்டால் தயங்காமல் அமர்த்துங்கள். இந்த வரிசை மட்டும் மாற வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

தேடுபொறிக்குச் சொல்ல வேண்டிய செய்தியில் பெரும்பகுதி உங்களிடம்தான் இருக்கிறது. நம் புதுப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீர்காழிப் பக்கத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. ‘கல்பாக்கம் அருகில், செங்கல்பட்டு மாவட்டம்’ என்று முகவரியைத் தெளிவாக எழுதாவிட்டால் வெளியூர்க்காரர் குழம்பிப்போவார். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். உங்கள் இணையப் பக்கத்தில் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருந்தால் இன்றே திருத்துங்கள். நாம் மாமல்லபுரம் என்கிறோம். வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் பெரும்பாலும் மகாபலிபுரம் என்றே தேடுகிறார்கள். இரண்டு பெயரும் பக்கத்தில் இருக்கட்டும்.

மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தொலைவிலிருந்து சிலை வாங்க நினைப்பவர் என்ன கேட்பார்? எந்தக் கல், எத்தனை அடி, என்ன எடை, எத்தனை நாளில் முடியும், உடையாமல் எப்படிப் பெட்டி கட்டி அனுப்புவீர்கள் என்றெல்லாம் கேட்பார். இதற்கெல்லாம் உளி பிடித்தவர்தான் பதில் சொல்ல முடியும். உங்களிடம் கேட்காமல் வெளியாள் எழுதினால் ‘தரமான சிலைகள், நியாயமான விலை’ என்பதோடு நின்றுவிடும்.

கற்க வேண்டியதும் மலைக்கவைக்கும் அளவுக்கு இல்லை. தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடையின் பெயர், தொலைபேசி எண், திறக்கும் நேரம் மூன்றையும் சரியாக வையுங்கள். புதிய படங்களை ஏற்றுங்கள். வாடிக்கையாளர் குறை எழுதினாலும் பண்போடு பதில் எழுதுங்கள். உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்த கூகுள் முக்கியமாகப் பார்ப்பவை மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தூரம், கடை பெற்றிருக்கும் பெயர். தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் உழைப்பில் வளரும். சொந்த இணையதளம் இருந்தால், எந்தச் சொற்களைத் தேடி அங்கே வந்தார்கள் என்பதை கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசமாகக் காட்டும். உணவுப் பட்டியலைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள்.

தளம் திறக்கவே நேரமாகிறது, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும், பல மொழிகளில் பக்கம் வேண்டும், யாரோ ஊடுருவிவிட்டார்கள்: இவை நிபுணரின் வேலைகள். கூலி கொடுத்துச் செய்வதே நல்லது.

‘ஒரே மாதத்தில் முதலிடம் உறுதி’ என்று ஒருவர் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். அப்படி யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. விளம்பரத்துக்குத்தான் பணம் கட்டலாம். மற்ற முடிவுகளில் இடத்தை விலைக்கு வாங்க முடியாது. பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதும் கூகுள் சொல்லும் கணக்குதான். டிசம்பர், ஜனவரியில் நடக்கும் மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கு வருபவர்கள் உங்கள் விடுதியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கோடையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

அமர்த்தியவர் என்ன செய்கிறார் என்பதை மாதந்தோறும் கேளுங்கள். அமெரிக்காவின் ஜே.சி.பென்னி அங்காடி நிறுவனம் தேடலில் மேலே வருவதற்காக, தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் போடப்பட்டிருந்தன. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளிப்படுத்தியது. தங்களுக்கு இது தெரியாது என்றது நிறுவனம். எஸ்.இ.ஓ. வேலைக்கு அமர்த்தியிருந்தவர்களை நீக்கவும் செய்தது. ஆனாலும் தேடலில் சரிந்தது அதன் பெயர்தான். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

இன்னொன்று. வீடு கட்ட மேஸ்திரியை வைத்தாலும் மனைப் பத்திரம் நம் பெயரில்தானே இருக்கும்? இணையதளப் பெயர்ப் பதிவும் கூகுள் கணக்கின் உரிமையும் அப்படியே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நிபுணருக்கு நிர்வாகி என்ற அனுமதி போதும். அவர் விலகினாலும் உங்கள் கடைக்கு வந்த பாராட்டுகள் உங்களிடமே இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். தொலைபேசியிலும் நேரிலும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அவற்றுக்கு நீங்கள் சொல்லும் பதில்களையே உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். நாளை நிபுணரை அமர்த்தினாலும் அவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்