சுவரை விலக்கிய வளைவுகள்

சென்னை இராயப்பேட்டையிலிருந்து தென்கிழக்கே கடற்கரையை நோக்கிச் செல்வோர், சாந்தோம் பேராலயத்தின் வெண்ணிறக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியப்பர். அதன் உயரம் 155 அடி. 1896ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற அவ்வாலயம், இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் கட்டடக்கலையைத் தழுவியது. ஆயினும் அக்கலையின் பெருமையை உயரத்தில் தேடுவது பொருந்தாது. சாளரங்களில்தான் தேட வேண்டும்.

கல்லை விண்ணளாவ உயர்த்துவது தமிழர்க்குப் புதிதன்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 200 அடி உயர்ந்து நிற்கிறது. அங்குக் கற்கள் படிப்படியாக உள்நோக்கி அடுக்கப்பட்டுள்ளன; எடை நேரே கீழிறங்குகிறது. அதைத் தாங்கத் தடித்த சுவர்கள் வேண்டும். கருவறைக்கு இருளே அழகு என்பதால், அது குறையாகவும் தோன்றவில்லை.

பிரான்சு நாட்டவரின் வேட்கை வேறு. பாரிசுக்கு அருகே செயின்ட் டெனிஸ் ஆலயத்தைப் புதுக்கிய மடத்தலைவர் சூகர், ஒளியை இறைமையோடு இணைத்துக் கண்டார். 1144இல் அர்ப்பணிக்கப்பட்ட அதன் புதிய பகுதி கோதிக் கலையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

வளைவு என்பது எடையைக் கீழே மட்டும் தள்ளுவதன்று, பக்கவாட்டிலும் உதைக்கும். அரைவட்ட வளைவில் இவ்வுதைப்பு மிகுதி. அதனைத் தாங்கச் சுவர் தடித்தது, சாளரம் சிறுத்தது. கூர்வளைவு அவ்வுதைப்பைக் குறைத்தது. விலா எலும்புகளைப் போன்ற கல்வரிகள் கூரையின் பாரத்தைத் தூண்களின் தலையில் கொண்டு சேர்த்தன. எஞ்சிய உதைப்பை, சாயும் பந்தற்காலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல, வெளிப்புறத்து வளைவுகள் ஏற்றுப் பருத்த தூண்களில் இறக்கின. சுமக்கும் கடமை நீங்கிய சுவரின் இடத்தை வண்ணக் கண்ணாடி பிடித்தது.

இவற்றைச் செய்தவர்களிடம் இன்றைய விசைக் கணக்கீடுகள் இல்லை; கவராயமும் கயிறும் பட்டறிவுமே இருந்தன. பட்டறிவுக்கு விலையும் உண்டு. போவே நகரில் 48 மீட்டர் உயரத்தில் எழுப்பிய கூரையின் ஒரு பகுதி 1284இல் இடிந்து வீழ்ந்தது. அவர்கள் கூடுதல் தூண்களை நிறுத்தி மீண்டும் கட்டினர். வெற்றியை மட்டும் போற்றும் வரலாற்று நூல்கள் இவ்விடிபாட்டை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது முறையன்று.

ஒளிக்குப் பஞ்சமில்லாத சென்னையில் கோதிக் சாளரம் எதற்கு என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. எனினும், வெறும் நகல் என்று சாந்தோம் ஆலயத்தை இகழ்வது அவசர முடிவு. மங்கலான வடபுலத்து வெயிலை நாடித் திறந்த சாளரம், இங்கே கடற்கரையின் கடுவெயிலை வண்ணக் கண்ணாடியால் தணித்து உள்ளே விடுகிறது.