யோபுவின் நண்பர்கள் இன்னும் பேசுகிறார்கள்

கடவுள் தூரமாகத் தெரிந்தால் உங்கள் விசுவாசத்தில்தான் குறை. அதைச் சரிசெய்தால் அவர் அருகில் வருவார் என்று சிலர் சொல்கிறார்கள். மனம் தளர்ந்தவரை ஜெபத்துக்குத் திருப்பும் அக்கறை இதில் உண்டு. ஆனால் வாதம் தவறு.

ஒன்று. சங்கீதம் 88ஐத் திறந்து பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதிக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடச் சேர்க்காமல் அப்படியே வேதத்தில் வைத்தார்கள். பாடியவன் யாரிடம் முறையிடுகிறான்? தன்னைத் தள்ளிவிட்டதாகத் தோன்றும் அவரிடமே, இரவும் பகலும். விசுவாசம் இல்லாதவன் இப்படியா கூப்பிடுவான்?

இரண்டு. 2007இல் வெளியான அன்னை தெரசாவின் கடிதங்கள். பல பத்தாண்டுகள் கடவுளின் அண்மையை அவர் உணரவில்லை. அந்த ஆண்டுகளிலும் ஜெபத்தை விடவில்லை. காளிகாட்டில் சாகக் கிடந்தவர்களையும் விடவில்லை. இதுவா குறைவிசுவாசம்?

மூன்று. 2004 டிசம்பர் 26. வேளாங்கண்ணிக் கரையில் நின்ற யாத்திரிகர்களைச் சுனாமி அலை வாரிக்கொண்டு போனது. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், உன் விசுவாசத்தில்தான் குறை என்று சொல்வீர்களா?

நமக்கு உணர்வு மங்கியதால் கடவுள் விலகிவிட்டார் என்பது என்ன கணக்கு?

வேதத்தில் யோபுவின் புத்தகத்தையும் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபு உத்தமன் என்று அதன் முதல் அதிகாரமே சொல்கிறது. அவனிடம் குற்றம் தேடியவர்கள் ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். வந்த புதிதில் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, துக்க வீட்டில் அதைச் செய்யுங்கள்.