இந்திய-பாகிஸ்தான் பிணக்கு

இந்திய-பாகிஸ்தான் பிணக்கு என்பது, 1947 ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்தியா பிரிக்கப்பட்டதைத் தொடர்ந்து இவ்விரு அயல் நாடுகளுக்கும் இடையே தோன்றி, போர்களாகவும் எல்லை மோதல்களாகவும் தொடர்ந்துள்ள முரண்பாட்டைக் குறிக்கும். இது பெரும்பாலும் சமயப் பகையின் விளைவாகவே கருதப்படுகின்றது. எனினும், சமஸ்தானங்கள் எந்நாட்டில் இணைவது, ஆற்று நீரை எவ்வாறு பகிர்வது ஆகிய இரு கேள்விகளுக்குப் பிரிவினை விடை தராமல் விட்டதும் இதன் முதன்மைக் காரணங்களுள் அடங்கும்.

பிரிவினை

பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் எல்லையை வரையும் பொறுப்பு, அதற்கு முன் இந்தியாவுக்கு வந்திராத சிரில் ராட்கிளிஃப் என்னும் பிரித்தானிய வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1947 ஜூலை 8 இல் வந்து சேர்ந்த அவருக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களே கிடைத்தன. எல்லை ஆகஸ்ட் 17 அன்றே வெளியிடப்பட்டது. எனவே, விடுதலை நாளிலும் எல்லையோர மக்கள் பலர் தாம் எந்நாட்டினர் என்பதை அறியாதிருந்தனர். தொடர்ந்த வன்முறையில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர்.

சமஸ்தானங்களும் காஷ்மீரும்

பிரித்தானியரின் நேரடி ஆட்சிக்கு உட்படாத 500க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களில், எந்நாட்டில் இணைவது என்னும் முடிவு மன்னர்களிடம் விடப்பட்டது. மன்னரின் சமயமும் மக்களுள் பெரும்பான்மையோரின் சமயமும் வேறுபட்ட இடங்களில் சிக்கல் எழுந்தது. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஜூனாகத்தின் முஸ்லிம் நவாப் பாகிஸ்தானுடன் இணைந்தார். இதனை ஏற்காத இந்தியா, மக்கள் விருப்பமே முதன்மையானது என்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த காஷ்மீரில் இவ்வாதங்கள் இடம் மாறின.

காஷ்மீரின் இந்து மன்னர் ஹரி சிங் முதலில் எந்நாட்டிலும் இணையவில்லை. 1947 அக்டோபர் 22 அன்று பாகிஸ்தான் பகுதியிலிருந்து பழங்குடிப் படையினர் ஊடுருவியதை அடுத்து, அக்டோபர் 26 இல் அவர் இந்தியாவுடனான இணைப்பு ஆவணத்தில் ஒப்பமிட்டார். மறுநாள் இந்தியப் படைகள் சிறிநகரில் இறங்கின. பொது வாக்கெடுப்புக்கு வழி வகுத்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1948 ஏப்ரல் தீர்மானத்தை நிறைவேற்றுவது, படைகளை விலக்குவது தொடர்பான கருத்து வேறுபாட்டினால் தடைப்பட்டது. வாக்கெடுப்பு நடைபெறவேயில்லை. 1949 ஜனவரி 1 இல் போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தபோது காஷ்மீர் இரு பகுதிகளாகியிருந்தது.

ஆற்று நீர்

பஞ்சாபின் கால்வாய்த் தொகுதி ஒரே நாட்டிற்கென அமைக்கப்பட்டதாகும். பிரிவினையால் மாதோபூர், பிரோஸ்பூர் ஆகிய தலைமதகுகள் இந்தியாவிலும், அவற்றை நம்பிய வயல்கள் பல பாகிஸ்தானிலும் அமைந்தன. 1948 ஏப்ரல் 1 இல் கிழக்குப் பஞ்சாப் அரசு அக்கால்வாய்களில் நீரை நிறுத்தியது. மே மாத உடன்பாட்டின் பின்னரே நீர் மீண்டும் விடப்பட்டது. உலக வங்கியின் நடுவத்துடன் 1960 இல் கையொப்பமான சிந்து நதி நீர் ஒப்பந்தத்தின்படி, ராவி, பியாஸ், சத்லஜ் ஆகியன இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகியன பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் ஒதுக்கப்பட்டன.

பிற்கால வளர்ச்சி

1965 ஆம் ஆண்டுப் போர் காஷ்மீரை முன்னிட்டு எழுந்தது. 1971 ஆம் ஆண்டுப் போரோ, கிழக்குப் பாகிஸ்தானின் உள்நாட்டு நெருக்கடியிலிருந்து எழுந்து வங்காளதேசத்தின் தோற்றத்தில் முடிந்தது. 1972 ஆம் ஆண்டின் சிம்லா ஒப்பந்தம், பிணக்குகளை இருதரப்புப் பேச்சுக்களால் தீர்க்க வழி கூறியது. 1989 முதல் இந்தியக் காஷ்மீரில் ஆயுதக் கிளர்ச்சி வலுப்பெற்றது. 1998 இல் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. எனினும் மறு ஆண்டே கார்கில் போர் மூண்டது. 2019 ஆகஸ்டில் இந்தியா, ஜம்மு காஷ்மீரின் சிறப்புத் தகுதியை நீக்கியது.

2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். இதில் பாகிஸ்தானுக்குத் தொடர்புண்டு என்ற இந்தியாவின் குற்றச்சாட்டைப் பாகிஸ்தான் மறுத்தது. மே 7 இல் தொடங்கிய இந்தியத் தாக்குதல்களும் பாகிஸ்தானின் பதில் தாக்குதல்களும் மே 10 இல் நிறுத்தப்பட்டன.

மதிப்பீடு

இணைப்பு ஆவணம் சட்டப்படி செல்லும் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. மக்கள் விருப்பம் அறியப்படவில்லை என்பது பாகிஸ்தானின் நிலைப்பாடு. இவற்றை இணைக்கும் தீர்வு எட்டப்படவில்லை. மாறாக, நீர்ச் சிக்கலில் உரிமை வாதங்களை ஒதுக்கிவிட்டு ஆறுகளைப் பங்கிட்டதால் எட்டப்பட்ட உடன்பாடு, 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களையும் தாண்டி நிலைத்தது. அவ்வொப்பந்தத்தையே 2025 ஏப்ரலில் இந்தியா இடைநிறுத்தியதால், 1948 இல் எழுந்த நீர்க் கேள்வியும் மீண்டும் பிணக்கின் பகுதியாயிற்று.