எண்ணாகிப் போன சிப்பாய்

போரில் மாண்ட வீரனுக்குச் செய்யத்தக்க நன்றிகளுள் மிகச் சிறியது, அவன் பெயரைக் கல்லில் பொறிப்பதாகும். அச்சிறு நன்றியும் மறுக்கப்பட்டதற்குச் சான்றாக ஈராக் நாட்டின் பாஸ்ரா நினைவுச் சின்னம் நிற்கிறது. முதல் உலகப் போரில் மெசபொத்தேமியாக் களத்தில் உயிர்நீத்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக அது 1929ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரருள் கடைநிலையில் இருந்தவர் பெயரும் அதில் உண்டு. இந்தியப் படையின் அதிகாரிகள் பெயரும் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும் பெயர் இல்லை. படைப்பிரிவின் பெயரை எழுதி, அதன்கீழ் ‘இத்தனை பேர்’ என்று எண்ணிக்கை பொறிக்கப்பட்டது. இவ்வாறு எண்ணாகிப் போனவர்கள் 30,000க்கும் மேற்பட்டோர்!

யார் இந்தச் சிப்பாய்? மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்திற்குத் துப்பாக்கி ஏந்திய உழவன் மகன். கடல் கடந்து வந்தான். கோடையில் கொதிக்கும் மணலிலும், வெள்ளம் வடியாத சேற்றிலும் நடந்தான். குண்டுக்குத் தப்பியவனை வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் வாட்டின. 1915 டிசம்பரில் கூத் நகரில் முற்றுகைக்குள் சிக்கியவன், நாளுக்கு நாள் குறைந்த உணவை உண்டு ஐந்து மாதங்கள் போரிட்டான். 1916 ஏப்ரல் 29ஆம் நாள் படை சரணடைந்தது. ஏறத்தாழ 13,000 பேர் சிறைப்பட்டனர். படைத்தலைவர் டவுன்ஷெண்ட், கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அருகில் ஒரு தீவில் வசதியாக வைக்கப்பட்டார். ‘சர்’ பட்டமும் பெற்றார். சிப்பாய் பாலைவனத்தில் கால்நடையாக ஓட்டப்பட்டான். வழியில் விழுந்தவர் பலர், எழுந்தவர் சிலர். வரலாற்று நூல்களில் இடம் பெற்றவர் எவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்குக் காரணம் சொல்வார் இல்லாமல் இல்லை. இந்துக்களும் சீக்கியரும் பிணத்தை எரிப்பவர்கள். அவர்களுக்குக் கல்லறை தேவையில்லை என்பர். கல்லறை வேண்டாம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். பெயரும் வேண்டாம் என்று எந்தச் சமயம் சொன்னது? பிரான்சு நாட்டின் நூவ் ஷப்பேல் சின்னத்தில், 1927ஆம் ஆண்டிலேயே, கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுவிட்டன. அவர்களும் அதே படையினர்; அதே சமயத்தினர். ஐரோப்பிய மண்ணில் மாண்டால் பெயர், ஆசிய மண்ணில் மாண்டால் எண் என்பது எந்த நீதி?

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். கோல்டு கோஸ்ட் ஆளுநர் குகிஸ்பர்க், அந்நாட்டு மக்கள் கல்லறைக் கல்லின் அருமையை உணரமாட்டார்கள் என்று 1923இல் கூறினார். பதவியும் இனமும் பாராமல் இறந்தோர் அனைவரையும் சமமாகப் போற்றவேண்டும் என்ற கொள்கையை 1918லேயே ஏற்ற பேரரசின் ஆளுநர் பேசிய பேச்சு இது! கொள்கை ஏட்டில் இருந்தது; கல்லுக்கு வந்து சேரவில்லை.

கல்லின் அருமையைக் கீழை நாட்டினருக்குக் கற்பிக்க வேண்டுமா? இறந்த வீரனுக்குக் கல் கண்டு, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறைக்குத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்துள்ளது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டின் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்தவன் ஒரு சேவகன். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்த நாயின் பெயரும் கோவிவன் என்று அக்கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரை மறக்கவில்லை. உலகின் கால் பகுதியை ஆண்ட பேரரசு, தனக்காக மாண்ட மனிதனின் பெயரை எழுதவில்லை. இவற்றுள் நாகரிகம் எது என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

‘அவன் அன்னியனுக்குக் கூலிக்குப் போரிட்டவன், அவனை ஏன் போற்றவேண்டும்?’ என்று வினவுவோரும் உளர். அவன் எந்தப் போரையும் தொடங்கவில்லை. எந்த நாட்டையும் பங்கிடவில்லை. குடும்பத்தின் பசி அவனைப் படைக்கு அனுப்பியது. ஆண்டவரின் குற்றத்திற்கு ஆளப்பட்டவனை மறதிக்கு ஆளாக்குவது, ஒரே மனிதனை இருமுறை கொல்வதாகும். பெயரை நினைப்பது பேரரசைப் போற்றுவது ஆகாது. போரின் விலையைக் கொடுத்தவன் எவன் என்று அறிவதாகும்.

2021 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கையில், போர்க் கல்லறை ஆணையமே இக்குறையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான குறைந்தது 116,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்பது அதன் கணக்கு. நூறாண்டு தாழ்ந்து வந்த மன்னிப்பு அது.

ஆணையம் திருந்தினால் போதுமா? வகுப்பறையும் திருந்தவேண்டும். படைத்தலைவர் பெயரையும் சரணடைந்த நாளையும் மனப்பாடம் செய்வித்து, மற்றவரை ‘பல்லாயிரம் பேர் மாண்டனர்’ என்ற ஒரே வரியில் அடக்கும் பாடம், பாஸ்ராக் கல்லின் படியே அன்றி வேறன்று. சிங்கப்பூர்க் கிராஞ்சியில் 1957இல் திறக்கப்பட்ட நினைவுச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே பெயரோடு இருக்கிறார்கள். ஆசிரியர்கள் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லட்டும். ஒவ்வொரு மாணவனும் ஒரு சிப்பாயின் பெயரையேனும் வாய்விட்டுப் படிக்கட்டும். படைத்தலைவர்களின் பெயர்களைத் தேர்வுத்தாள் காப்பாற்றும்; சிப்பாயின் பெயரை ஆசிரியர்தாம் காப்பாற்ற வேண்டும்.