உளுந்தை விற்றுப் பருப்பு வாங்குவதா?

1990இலும் 1995இலும் பின்னர் 2009இலும் இடம்பெயர்ந்து நலன்புரி நிலையங்களில் இருந்த எமது குடும்பங்களுக்கு உலர் உணவாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, சீனி, மைசூர்ப் பருப்பு. அந்தப் பருப்பு உயிர் காத்தது, அதைப் பழிக்கலாகாது. பங்கிட்டுக் கொடுத்தவர்களில் நாங்களும் இருந்தோம். ஆனால் நிவாரணம் நின்ற பின்பும் எமது அடுப்பு அதையே கேட்கின்றது. அது எமது மண்ணில் விளைவதன்று. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவது.

எமது மேட்டுநிலத்தில் விளைவது உளுந்து. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காலபோக மழையுடன் விதைத்தால் ஏறக்குறைய 75 நாட்களில் கைக்கு வரும். வந்ததும் களத்திலேயே வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் மைசூர்ப் பருப்பு வாங்குகின்றோம். கடன்காரர் வாசலில் நிற்கும்போது வேறென்ன செய்வது என்பீர்கள். உண்மைதான். விற்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. முழுவதையும் விற்க வேண்டாம் என்றே கேட்கின்றேன். 2020இல் உளுந்து இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியது நினைவிருக்கும். விதைக்குக்கூட வைக்காமல் விற்றவருக்கு அந்த ஏற்றத்தால் என்ன பயன்?

100 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம் அளவுதான். அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்து உளுந்தில் நிறைய உண்டு. தோசைக்கு இரண்டையும் சேர்த்து அரைத்த எமது பாட்டிமார் இதை ஆய்வுகூடத்தில் படித்தவர்களல்லர்.

பூப்பெய்திய பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் நல்லெண்ணெயும் பனங்கட்டியும் சேர்த்து உளுத்தம்மாக் களி கொடுக்கின்றோம். நல்ல வழக்கம். அதைச் சில நாட்களுடன் நிறுத்துவது ஏன்? பிள்ளைக்கு இரத்தம் மாதந்தோறும் போகின்றது. களி மட்டும் ஒரே தடவையா? (சுவாமி சமையலறைக்குள்ளும் வந்துவிட்டார் என்று அம்மாமார் சிரிக்கலாம்.) வறுத்து இடித்த உளுத்தம்மா வீட்டில் இருந்தால் அரிசிமாவுடன் கலந்து புட்டு அவிக்கலாம், சிறுவருக்குக் கஞ்சி காய்ச்சலாம். தோல் முழுவதையும் கழுவிக் கொட்ட வேண்டாம். தோசை கறுக்கும், வேறு குறையில்லை. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை மாத்திரம் விடுங்கள். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் பொறுக்கலாம். இலைக்கறிக்குத் தேசிப்புளி விட்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

வாரம் அரைக் கிலோ என்றால் ஆண்டுக்கு 26 கிலோ. ஒரு மூடைக்கும் குறைவு. வியாபாரியின் தராசு வருமுன் அதையும் விதையையும் எடுத்து, நன்றாகக் காயவைத்து, வண்டு புகாத தகரத்தில் மூடி வையுங்கள். சொந்தக் காணி இன்னும் கைக்கு வராதவர்கள் உளுந்து பிடுங்கக் கூலிக்குப் போகும்போது கூலியில் ஒரு பங்கை உளுந்தாகவே கேளுங்கள். காணிக்காரர் முகம் சுளித்தால் பங்குச் சுவாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.