பழகிய தாச்சியும் பழுதடைந்த பொறியும்

ஒரு பண்டத்தின் பெருமையை அதன் விலையைக் கொண்டு அளப்பவர் பலர்; அதன் ஆயுளைக் கொண்டு அளப்பவர் சிலரே. நம் குசினிகளில் இவ்விரு அளவைகளும் நாள்தோறும் மோதிக்கொள்கின்றன. ஒருபுறம், பாட்டி காலத்து இரும்புத் தாச்சியும் தோசைக்கல்லும். மறுபுறம், மின்சாரத்தால் இயங்கும் அரைக்கும் பொறியும் ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியும். இவற்றுள் எது நமக்கு ஏவல் செய்கின்றது, எதற்கு நாம் ஏவல் செய்கின்றோம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை காபன் கலந்திருக்கும் என்பதை இரசாயனவியல் பயிலும் மாணவர் அறிவர். அதனால் அது கடினமுடையதாயினும், வளையாது நொறுங்கும் இயல்பினது. சிமெந்துத் தரையில் விழுந்தாலும், காய்ந்த கல்லின்மீது குளிர்ந்த நீரை வார்த்தாலும் வெடித்துவிடக்கூடும். வெப்பத்தைக் கடத்துவதில் அது அலுமினியத்துக்கு மிகப் பிற்பட்டது; ஆதலால் மெல்லவே சூடேறும். ஆயின், ஏறிய சூட்டை எளிதில் விடாது. குளிர்ந்த மாவை வார்த்தபோதும் கல்லின் சூடு பெரிதும் தாழாமையாலன்றோ தோசை நன்கு முறுகுகின்றது!

'கல்லைப் பழக்குதல்' என்று நம் பெண்மக்கள் கூறுவதன் உட்பொருள் யாது? இரும்பின்மீது மிக மெல்லியதாக எண்ணெய் பூசிப் புகையெழும்வரை காய்ச்சும்போது, எண்ணெயின் மூலக்கூறுகள் ஒட்சிசனின் துணையால் ஒன்றோடொன்று பிணைந்து, வாணீசு போன்ற கரிய படலமாக இறுகுகின்றன. இப்படலமே உணவு ஒட்டாமலும், ஈரம் இரும்பைத் தீண்டித் துருவாக்காமலும் காக்கின்றது. எண்ணெயை மிகுதியாகப் பூசினால் படலம் இறுகாது பிசுபிசுக்கும். துணியால் துடைத்தெடுத்தபின் எஞ்சுவதே போதும். மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தல் நன்று.

பின்னர் பேணுவதும் எளிதே. கல் இளஞ்சூடாக இருக்கும்போதே தும்பினால் தேய்த்துக் கழுவுக. சிறிதளவு சவர்க்காரம் தீங்கு செய்யாது; இரவு முழுவதும் நீரில் ஊறவிடுவதே பெருந்தீங்கு. கழுவியதும் அடுப்பிலேற்றி ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். துருப்பிடித்துவிட்டதேயென்று எறிந்துவிடாதீர்கள். உப்பிட்டுத் தேய்த்துத் துருவை நீக்கி, மீண்டும் பழக்கலாம். புளிப்பு அப்படலத்தை அரித்து, குழம்பின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். ஆகவே பொரியலுக்குத் தாச்சி, புளிக்குழம்புக்கு மண்சட்டி என்பதே தக்க முறை.

ஒட்டாத சட்டியின் கதை வேறு. அதன் பூச்சான தெவ்லோன், 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோய் பிளங்கெற் என்பாரால் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 260 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அப்பூச்சுச் சிதையத் தொடங்கும்; உலோக அகப்பை பட்டாற் கீறும். கீறிய பூச்சை வீட்டில் எவராலும் புதுப்பிக்க இயலாது.

அரைக்கும் பொறியின் செய்தியும் இத்தகையதே. எங்கள் இல்லத்துப் பொறி ஈராண்டுகளே உழைத்தது. பழுதுற்றது சுண்டுவிரலளவு பிளாத்திக்கு உறுப்பொன்று. விற்றவரோ, "அது தனியே கிடையாது, புதிய பொறி வாங்குங்கள்" என்றார். ஒரு சிறு உறுப்புக்காக முழுப் பொறியையும் குப்பையிலிடுவது எவ்வகைப் பொருளாதாரம்?

2022 மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும், சமையல் எரிவாயு அரிதானதையும் எவரே மறப்பர்? அந்நாளில் விறகடுப்பு மூட்டிய வீடுகளில் இரும்புத் தாச்சி யாதொரு முறைப்பாடுமின்றித் தன் கடமையைச் செய்தது.

இதனால், பொறிகள் வேண்டாவென்று கூற வந்தேனல்லேன். ஆட்டுக்கல்லோடு போராடிய அன்னையரின் தோள்நோவை அறிந்தவர் எவரும் அவ்வாறு கூறார். அவர்களின் புதல்வியர் புத்தகம் ஏந்துதற்கு வேண்டிய பொழுதைத் தந்தவற்றுள் பொறிகளும் அடங்கும். குறை பொறியிலன்று, பழுது பார்க்கவொண்ணாதபடி அதனைச் செய்யும் வாணிகத்திலேயே உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் சலவைப் பொறி, குளிர்ப்பெட்டி முதலியவற்றைப் பழுது பார்த்துப் பெறும் உரிமைக்கு 2024ஆம் ஆண்டு சட்டம் இயற்றியுள்ளது. நாமும் கடைக்குச் செல்லும்போது, "இதன் உறுப்புகள் தனியே கிடைக்குமா?" என்று வினவத் தொடங்கினால், விற்பவரும் விடை தேடத் தொடங்குவர்.

மாணவ மாணவியரே, வரும் விடுமுறையில் வீட்டின் மூலையிற் கிடக்கும் துருவேறிய கல்லொன்றை எடுத்துப் பழக்கிப் பாருங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இது விலக்கன்று. ஒரு பொருளைச் சீர்செய்து மீண்டும் பயன்கொள்ளும் கல்வியை, அன்று வார்க்கும் முதற் தோசையே உங்களுக்குப் புகட்டும்.