கடைக்காரன் போட்டுத் தந்த செட்டிங்



நேற்று ஒரு நண்பர் பழைய நொக்கியா என்70 போனின் படத்தைப் போட்டு, "அது ஒரு பொற்காலம். போன் எண்டா போன். இப்ப மாதிரி தலையிடி இல்ல" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாக ஹார்ட். எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேரும் போட்டிருந்தார்கள். நானும் அந்தப் போனை வைத்திருந்தவன்தான். ஆனால் எனக்கு ஹார்ட் போட மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2006 ஆகஸ்டில் இலங்கையில் 3ஜி சேவை தொடங்கியது. அடுத்த வருடம் நான் இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து, கொழும்புக்குப் போய் ஒரு என்70 வாங்கினேன். எங்கள் பாடசாலைக்கு அப்போது இரண்டு கணினிகள் வந்திருந்தன. இணைய இணைப்பு இல்லை. போனைக் கேபிளால் கணினியில் தொடுத்தால் இணையம் வரும் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் எனக்கு.

அந்தப் போனில் 3ஜியின் உச்ச வேகம் வினாடிக்கு 384 கிலோபிட். எல்லாம் சரியாக இருந்தால் 1 எம்பி கோப்பு ஒன்று 20 வினாடி சொச்சத்தில் இறங்கிவிடும். பழைய ஜிபிஆர்எஸ்ஸில் அதே கோப்புக்கு மூன்று நான்கு நிமிடம் போகும். இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய விஷயம்.

காசை எண்ணிக் கொடுத்ததும் கவுண்டரில் இருந்த தம்பி, "சேர், போன இங்க தாங்க, செட்டிங் போட்டுத் தாறன்" என்றார். கொடுத்தேன். ஐந்து நிமிடம் தலையைக் குனிந்துகொண்டு எதையோ அழுத்தினார். பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, "சரி, இன்டர்நெட் வேலை செய்யுது" என்றார். அதற்குத் தனியாக ஒரு தொகையும் வாங்கினார். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் கடைப் பொடியனிடம் கேட்பதா என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

முதல் விலை. ஊருக்கு வந்து இறங்கினேன். போனில் சிக்னலே இல்லை. கோல் கூட எடுக்க முடியவில்லை. போன் பழுது என்று நினைத்து மறுநாள் மீண்டும் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். அங்கே போனால் சிக்னல் நன்றாக வருகிறது! பிறகுதான் விளங்கியது. கொழும்பில் 3ஜி இருந்தது, எங்கள் ஊருக்கு அப்போது வரவில்லை. அந்தத் தம்பி நெட்வேர்க் என்ற இடத்தில் 3ஜியை மட்டும் தேடும்படி மாற்றிவிட்டிருந்தார். இரண்டையும் தேடும் 'டுவல் மோட்' என்று ஒன்று அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரே ஒரு அழுத்தல். அதற்காக இரண்டு நாள் அலைந்தேன்.

இரண்டாவது விலை. இணையத்துக்கான அணுகல் முனை என்று ஒன்று போனில் இருக்கும். அதில் ஒரு பெயரைச் சரியாக எழுத வேண்டும். கம்பனிக்குக் கோல் எடுத்துக் கேட்டால் அந்த விபரம் எஸ்எம்எஸ்ஸாக வரும், திறந்து சேவ் பண்ணினால் போதும். இது எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. டேட்டாவுக்குப் பெக்கேஜ் போடாவிட்டால் கேபிக் கணக்கில் காசு வெட்டுவார்கள். பாடசாலைக் கணினியில் போனைத் தொடுத்தேன். பிள்ளைகள் கஅபாவின் படத்தைப் பார்த்தார்கள், எரிமலையைப் பார்த்தார்கள். நான் மகிழ்ந்துபோய் இணைப்பை விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனேன். அந்த நேரத்தில் விண்டோஸ் தன்பாட்டில் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மாதக் கடைசியில் வந்த பில் என் சம்பளத்தில் பாதி.

கணக்குப் பாடம் படிப்பிக்கிறவன் நான். ஒரு கேபிக்கு 2 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமேயில்லாத தொகை. ஒரு எம்பி என்றால் 1024 கேபி, அதாவது 20 ரூபா 48 சதம். 100 எம்பி இறங்கினால் 2048 ரூபா. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் பெருக்கல். நான் செய்யவில்லை. எவ்வளவு டேட்டா போனது என்று காட்டும் கணக்கு அந்தப் போனிலேயே 'லொக்' என்ற இடத்தில் இருந்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது விலை என்னுடையது அல்ல, மச்சானுடையது. என்னைப் பார்த்து அவரும் 3ஜி போன் வாங்கப் போனார். "எழுபத விட எழுபத்திரண்டு புதுசு" என்று சொல்லி அவருக்கு என்72ஐக் கொடுத்து விட்டார்கள். என்72இல் 3ஜியே கிடையாது. என்70இல் முன்பக்கம் இருந்த வீடியோ கோல் கெமராவும் கிடையாது. அந்த இரண்டையும் கழற்றிவிட்டு 2006இல் வந்த மொடல் அது. இலக்கம் கூடினால் போனும் கூடும் என்று மச்சான் நம்பினார். முன்னால் கெமரா இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்திருந்தாலே பிடித்திருக்கலாம்.

தமிழின் கதை தனிக்கதை. தமிழ்ப் பக்கம் திறந்தால் வெறும் பெட்டி பெட்டியாக வரும். பிறகு ஒப்பெரா மினி வந்தது. அதன் முகவரிப் பெட்டியில் ஒரு சொல்லை அடித்து உள்ளே போனால், எழுத்தைப் படமாகக் காட்டும் ஒரு தெரிவு இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கினால் தமிழ் தெரியும். இதை ஒருவருக்கொருவர் காதோடு காதாகச் சொல்லித் தெரிந்துகொண்டோம். தமிழை வாசிப்பதற்கே பின்கதவால் போக வேண்டியிருந்த காலத்தையா பொற்காலம் என்கிறீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் இழந்தது ஒரு மாதத்தின் பாதிச் சம்பளம், இரண்டு நாள் பஸ் காசு. அது போகட்டும். அன்று நாங்கள் ஒரு பழக்கத்தைப் பழகிவிட்டோம். போனை வாங்குவது நம் வேலை, செட்டிங் போடுவது கடைக்காரன் வேலை என்ற பழக்கம். அன்று அந்தத் தம்பியின் கையில் இருந்தது நெட்வேர்க் செட்டிங் மட்டும்தான். இன்று அதே கவுண்டரில், அதே "தாங்க, போட்டுத் தாறன்" என்ற வார்த்தையில், எங்கள் முழு வீடும் கைமாறுகிறது.

எங்கள் ஊரில் போன் வாங்கும் ஒரு தாயைப் பாருங்கள். கணவர் கட்டாரில். காசு அனுப்பியிருக்கிறார். கடையில் ஜீமெயில் ஒன்று திறக்கிறார்கள். பாஸ்வேர்ட் கடைக்காரர் போட்டது. பல இடங்களில் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். மீட்பு இலக்கம் என்ற இடத்தில் சிலசமயம் கடையின் இலக்கம். அந்தத் தாய்க்குத் தன் மின்னஞ்சல் முகவரியே தெரியாது. பிள்ளைகளின் போட்டோ, வட்ஸ்அப்பின் சேமிப்பு, தொடர்பு இலக்கங்கள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் போகின்றன.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறியது. எங்கள் பெற்றோர் காதில் கிடந்ததை அடகு வைத்துப் போன் வாங்கினார்கள். அப்போது ஒரு உம்மா என்னிடம், "சேர், எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்றார். நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "கடையில குடுங்க, செட் பண்ணித் தருவாங்க" என்றேன். 2007இல் எனக்கு நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும் சொன்னேன். எனக்கு அன்று நேரம் மிச்சம்.

போன வருடம் அதே உம்மா வந்தார். போன் கிணற்றடியில் விழுந்து உடைந்துவிட்டது. புதுப் போன் வாங்கியிருக்கிறார். சின்ன மகன் பிறந்ததிலிருந்து நாலு வயது வரைக்குமான போட்டோ எல்லாம் பழைய கணக்கில். வாப்பா அந்தப் பிள்ளையை நேரில் பார்த்தது ஒரு லீவில் மட்டும்தான். மீதியெல்லாம் அந்தப் போட்டோவில். முகவரி தெரியாது. பாஸ்வேர்ட் தெரியாது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. நானும் ஒரு பின்னேரம் முழுக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "பரவாயில்ல சேர், கஷ்டப்பட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வருகின்றன. இரண்டையும் பார்ப்போம்.

ஒன்று: "கடைக்காரர் பாவம், உதவிதானே செய்றார்." ஆம், பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். நான் யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுச் சாவியின் ஒரு கொப்பியைக் கொத்தனாரிடம் விட்டு வைக்கிறோமா? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேலை முடிந்ததும் வாங்கிவிடுகிறோம். அவர் களவெடுப்பார் என்ற பயத்தில் வாங்குவதில்லை, வீடு நம்முடையது என்பதால் வாங்குகிறோம். உதவி என்றால் பக்கத்தில் நின்று காட்டித் தரட்டும். அழுத்துகிற விரல் போன்காரருடையதாக இருக்கட்டும். கூடுதலாகப் பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

இரண்டு: "பொம்புளைகளுக்கு எதுக்கு பாஸ்வேர்ட், பித்னாவாகும்." இதைச் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கச் சொல்கிறேன். உங்கள் மனைவியின், உங்கள் மகளின் போட்டோக்களைத் திறக்கும் பாஸ்வேர்ட் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் டவுனில் ஒரு கடையில் இருக்கும் அந்நிய இளைஞன் ஒருவனுக்குத் தெரியும். இதில் பித்னா எது? மகளைத் தனியாக டியூஷனுக்கு அனுப்ப யோசிக்கிற நீங்கள், அவளுடைய முழு அல்பத்தையும் யாரென்று தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறீர்கள். பேணுதல் என்று இதைச் சொல்லாதீர்கள். இது சோம்பல்.

2008இல், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்ற பத்திரத்தைக் கையோடு வைத்திருக்கச் சொன்னார்கள். பர்ஸுக்குள் நாலாக மடித்து வைத்துக்கொண்டோம். அடுத்தவன் பெயரில் சிம் இருந்தால் என்னாகும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பயம் இருந்தபோது எங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். பயம் போனதும் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அல்பகரா 282. அப்படிப்பட்ட உம்மத், தன் பிள்ளைகளின் படங்களைப் போட்டு வைத்த கணக்கின் பெயரைக்கூட ஒரு துண்டில் எழுதி வைக்காமல் இருக்கிறது.

ஆசிரியர்களே, இதில் முதல் குற்றவாளி நாம்தான். 'தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்' பாடத்தில் கணினியின் தலைமுறைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பரீட்சையில் ஏ எடுக்கும் பிள்ளைக்குத் தன் உம்மாவின் போனில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. எங்களில் பாதிப்பேருக்கும் தெரியாது. கடையில் போட்டுத் தந்த கணக்கோடுதான் நாமும் இருக்கிறோம்.

ஆகவே இன்றிரவே இதைச் செய்யுங்கள். போனில் செட்டிங்ஸைத் திறந்து, கூகுள் என்ற இடத்துக்குப் போய் அங்கே உள்ள முகவரியைப் பாருங்கள். அது உங்களுக்குத் தெரிந்த முகவரியா? ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். மீட்பு இலக்கம் யாருடையது என்று பார்த்து உங்களுடையதைப் போடுங்கள். இதே கணக்கு வேறு எந்தப் போனில் திறந்திருக்கிறது என்று அங்கேயே காட்டும். தெரியாத போன் இருந்தால் வெளியேற்றுங்கள். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின்னை நீங்களே வையுங்கள். பிறகு உங்கள் உம்மாவிடம், ராத்தாவிடம், மனைவியிடம் போங்கள். அவர்கள் கையிலிருந்து போனைப் பறித்து நீங்கள் செய்யாதீர்கள். அதுவும் கடைக்காரன் வேலைதான். பக்கத்தில் உட்காருங்கள், அவர்களே அழுத்தட்டும்.

அதிபரிடம் அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைக் கணினி அறையில் இருப்பேன். பெண்களுக்கு எங்கள் ஐசிடி டீச்சர் தனியாகக் காட்டித் தருவார். காசு இல்லை. போனையும் ஒரு கொப்பியையும் பேனையையும் கொண்டு வாருங்கள். நாங்கள் யாருடைய போனையும் கையில் வாங்க மாட்டோம்.